கோந்தில்லாத டேப்

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம், வீட்டுச் சுவர் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் உங்கள் வேலையாட்களும் வண்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான்கு வருஷமாக உங்களுக்கு ஒரு வரிகூட எழுதாதவன் இன்றைக்கு வண்டி வரைக்கும் நலம் விசாரித்தால், கிழவன் எதற்கோ அடி போடுகிறான் என்று நினைப்பீர்கள். நினைப்பது சரிதான். எனக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு விவரம் தேவைப்படுகிறது. ஜிப்சம் போர்டுச் சுவரில் இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒட்டுவதற்கு எந்த டேப் நல்லது, பேப்பர் டேப்பா, வலை டேப்பா? ஒரு கார்டில் ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும். இதற்காக நீங்கள் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மூன்று தடவை உங்கள் நம்பரைப் போட்டேன், மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் நானே கட் பண்ணிவிட்டேன். போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, தவிரவும் நான் தபாலாபீஸ்காரன். உங்கள் அத்தை தன் தங்கையின் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போயிருப்பது உங்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் கொண்டுவந்து விடப்போவதும் நீங்கள்தான். அவள் உள்ளே நுழைவதற்குள் இந்தச் சுவர் பழையபடி ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் மானம் போய்விடும், அதாவது மிச்சம் இருக்கிற மானம்.

இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், அது உங்கள் குணம். அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கல்யாணத்தன்று சாப்பாட்டு மேசையில் என் ஆபீஸ் நண்பர்கள் ஒரு பக்கமும் உங்கள் வீட்டார் ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்க, நடுவில் உட்கார்ந்து நான் பேசிய பேச்சு எனக்கு ஒரு எழுத்துவிடாமல் ஞாபகம் இருக்கிறது. "சுவத்துல டேப் ஒட்டுறதெல்லாம் ஒரு தொழிலா மாப்பிள்ளை? நானும்தான் பார்சல் செக்‌ஷன்ல முப்பத்திநாலு வருஷம் டேப் ஒட்டினேன். எனக்குப் பென்ஷன் வருது. உங்களுக்கு என்ன வரும், தூசிதான் வரும்" என்றேன். என் நண்பர்கள் வாயில் இருந்ததை விழுங்காமலே சிரித்தார்கள். உங்கள் அப்பா தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் சிரித்தீர்கள். அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை. கிளம்பும்போது வீட்டுக்கு வந்துவிட்டுப் போகலாமே என்று உங்கள் அத்தை சொன்னதற்கு, என்னைப் பார்த்து, "மாமா கூப்பிடட்டும் அத்தை, அப்ப வர்றேன்" என்றீர்கள். நான் கூப்பிடவில்லை. நான்கு வருஷமாகக் கூப்பிடவில்லை. என் மகளையும் பேரனையும் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்ப வரும்வரை வாளிகளுக்கும் பலகைகளுக்கும் நடுவில் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பால்கனியில் பேப்பர் படிப்பேன். ஒரு நாள் இரண்டு மணி நேரம் அப்படிப் படித்தது போன வாரப் பேப்பர் என்று உங்கள் அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். காற்று பலமாக அடித்துக் கதவு படாரென்று திரும்பியதில் அதன் கைப்பிடி கூடத்துச் சுவரில் இடித்து ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளங்கை அகலம் இருக்கும். ஓட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அதிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி மேலே போய், இரண்டு பலகைகள் சேருகிற கோட்டைப் பிடித்துக்கொண்டு, கூரை மூலை வரைக்கும் போய்விட்டது. அந்தக் கோட்டில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பழைய டேப் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சும்மா விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்காதே. ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், அது வாழை நார் மாதிரி ஒரு முழ நீளத்துக்குக் கையோடு வந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுகூட உங்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, உடனே அடக்கிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. டேப் விஷயத்தில் நான் இன்னொருவரிடம் போய் நிற்பதா? நான் ரிடையர் ஆனபோது பார்சல் செக்‌ஷனில் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு டஜன் பழுப்பு டேப் சுருள் பரிசாகக் கொடுத்தார்கள், கிண்டலுக்குத்தான், ஆனால் நல்ல சரக்கு. அதில் ஒன்றை எடுத்து ஓட்டையின் மேல் நீளவாக்கில் மூன்று, குறுக்குவாக்கில் மூன்று, நான்கு மூலைக்கும் தனித்தனியாக ஒன்று என்று முறைப்படி ஒட்டினேன். விரிசல் முழுவதற்கும் ஒரு நீள டேப் இழுத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, காற்றுக் குமிழி இல்லாமல் பண்ணினேன். அந்தச் சுவரைக் கப்பலில் ஏற்றினாலும் பிரியாது. பிறகு அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். பெயின்ட் அந்த வழவழப்பில் நிற்காமல் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே வந்தது. நான் கீழே துணியோடு உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் தையல்காரம்மா எதற்கோ எட்டிப் பார்த்தார். சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சுவத்தை எந்த ஊருக்கு அனுப்புறீங்க?" என்றார். விலாசம் ஒன்றுதான் எழுத வேண்டியது பாக்கி என்று நானே சொல்லிச் சமாளித்தேன். அவர் போனபிறகு தள்ளி நின்று பார்த்தேன். அவர் சொன்னது மிகை இல்லை.

மறுநாள் கடைத்தெரு முனையில் இருக்கிற ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இங்கேதான் நான் முதல் அயோக்கியத்தனம் பண்ணினேன், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் வேலை மும்முரத்தில் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற மேஸ்திரிக்கும் பெயின்டருக்கும் அண்ணே அண்ணே என்று உபசாரம், என்னிடம் மட்டும், "என்ன சார், ஆணியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆணி இல்லை, ஜிப்சம் போர்டு வேலைக்குச் சாமான் வேண்டும், என் மாப்பிள்ளை இந்தத் தொழிலில் பெரிய ஆள் என்று சத்தமாகச் சொன்னேன். யார் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். மாப்பிள்ளை, நீங்கள் அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "அவரோட மாமனாரா? அவரு மூட்டுப் போட்ட சுவத்துல விளக்கைப் பக்கவாட்டுல அடிச்சுப் பார்த்தாலும் கோடு தெரியாது சார்" என்று அந்த மேஸ்திரியிடமும் பெயின்டரிடமும் என்னை அறிமுகப்படுத்தினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆமாம், சின்ன வயதிலிருந்தே கை சுத்தம் என்றேன். உங்கள் சின்ன வயதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எந்தத் தொழிலைப் பந்தியில் வைத்துப் பழித்தேனோ அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லி ஸ்டூல் வாங்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இல்லாமல் சுகமாகவும் இருந்தது. அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடைக்காரர் நான் ஒன்றும் கேட்காமலே ஒரு பேப்பர் டேப் சுருளும், மூட்டில் பூசுகிற ஜாயின்ட் காம்பவுண்டு ஒரு வாளியும், அதைப் பூச அகலமான பட்டித் தகடு ஒன்றும் எடுத்து வைத்தார். உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லி எப்படி உபயோகிப்பது என்பதை அவர் சொல்லவில்லை. பெரிய ஆளின் மாமனார் என்று உட்கார்ந்துவிட்டு நான் எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்து பழுப்பு டேப்பையெல்லாம் உரித்துவிட்டு, அதோடு இன்னும் கொஞ்சம் சுவரையும் உரித்துவிட்டு, பேப்பர் டேப்பைக் கையில் எடுத்தேன். வெள்ளையாக, நடுவில் ஒரு மடிப்புக் கோட்டோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. புரட்டிப் பார்த்தேன், ஒட்டும் பக்கம் எது என்று தெரியவில்லை. எங்கள் செக்‌ஷனில் அந்தக் காலத்தில் கோந்து தடவிய காகித டேப்தான், ஈரப் பஞ்சில் இழுத்து ஒட்டுவோம், பஞ்சு காய்ந்திருந்தால் நாக்கு. அந்தப் பழக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நக்கினேன். கோந்து வரவில்லை. மறுபக்கம் நக்கினேன். அதிலும் வரவில்லை. சுருளின் நடுவில் நன்றாக இருக்கக்கூடும் என்று நான்கு முழம் அவிழ்த்து அங்கங்கே நக்கிப் பார்த்தேன், நாக்கு வறண்டதுதான் மிச்சம். முப்பத்திநாலு வருஷ அனுபவத்தில் நான் வந்த முடிவு, இது பழைய சரக்கு, கோந்து காய்ந்து உதிர்ந்துவிட்டது என்பதே.

அப்படிப்பட்ட சுருள் எங்கள் செக்‌ஷனுக்கு வந்தால் கையெழுத்துப் போட்ட புகாரோடு திருப்பி அனுப்புவேன். அதே மாதிரி ஒரு தாளில், இன்ன தேதியில் வாங்கிய டேப்பில் இரு பக்கமும் பரிசோதித்ததில் கோந்து காணப்படவில்லை என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, நக்கிய சுருளையும் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் ஆறேழு பேர் நிற்கும்போது வைத்தேன். கோந்து இல்லாத டேப்பை டேப் என்று விற்கலாமா, இதைத்தான் என் மாப்பிள்ளைக்கும் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் அந்தத் தாளை முழுவதும் படித்தார். சுருளைத் தொட்டுப் பார்த்தார், ஈரமாக இருந்தது. பின்னால் நின்ற பெயின்டர் ஒருவர் அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். கடைக்காரர் மட்டும் ரொம்பப் பணிவாக, "சார், உங்களுக்கு ஒட்டுறதே வேணும்னா வலை டேப் தர்றேன், அதுல பசை இருக்கு" என்று வேறு சுருள் கொடுத்தார். உங்கள் முகத்துக்காகத்தான் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் அனுப்பினார். பேப்பர் டேப்புக்குக் கோந்து கிடையாது, காம்பவுண்டை முதலில் பூசி அந்த ஈரத்தில் பதிக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா?

வலை டேப் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கொசுவலையைக் கீறி எடுத்த மாதிரி இருந்தது, கையில் பட்டதும் பிடித்துக்கொண்டது. இதுதான் டேப் என்று ஓட்டையின் மேல் பலகைத் துண்டு எதுவும் வைக்காமல் நேராக ஒட்டினேன், விரிசல் மேல் ஒட்டினேன், கூரை மூலையில் மடித்து ஒட்டினேன். மூலையில் அது மடிய மறுத்து உருண்டு நின்றது. பரவாயில்லை, மேலே பூசினால் சரியாகிவிடும் என்று வாளியைத் திறந்தேன். வாளி மேல் சின்ன எழுத்தில் மெல்லிசாக மூன்று தரம் பூசு, ஒவ்வொரு தரமும் ஒரு நாள் காயவிடு என்று போட்டிருந்தது. மூன்று தரம் பூசுவதை ஒரே தரமாகப் பூசினால் இரண்டு நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டு, விரல் கனத்துக்கு அப்பினேன். ஓட்டை இருந்த இடத்தில் பாதி உள்ளே போய் விழுந்தது, தொப்பென்று சத்தம் கேட்டது. இன்னும் அப்பினேன். சீக்கிரம் காயட்டும் என்று டேபிள் ஃபேனை வைத்தேன், உங்கள் அத்தையின் தலை உலர்த்தும் மிஷினையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் பார்த்தால் கோடைக் காலத்துக் குளத்துத் தரை மாதிரி முழுக்க வெடித்துக் கிடந்தது. ஒரு விரிசலை மறைக்கப் போய் நாற்பது விரிசல் வாங்கினேன். அந்த வலை டேப்புக்கு வாளிக் காம்பவுண்டு ஆகாது, தண்ணீரில் கலக்கி இறுகுகிற பொடிதான் போட வேண்டும் என்று நேற்றுத்தான் அந்தப் பெயின்டரைத் தெருவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நேற்றுக் காலையில் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிடலாம் என்று உப்புத்தாளோடு ஆரம்பித்தேன். மாப்பிள்ளை, தூசிதான் வரும் என்று ஒரு காலத்தில் உங்களைப் பார்த்துச் சொன்னேன் அல்லவா, அந்தத் தூசி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அரைமணி நேரத்தில் கூடத்தில் எதிரே இருக்கிற கடிகாரம் தெரியவில்லை. மூக்கில், காதில், மூடி வைத்த சர்க்கரை டப்பாவில், மடித்து வைத்த பனியனுக்குள் எல்லாம் போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கண்ணைச் சுற்றி மட்டும் மனுஷன், மற்றதெல்லாம் மாவு. தூசி வெளியே போகட்டும் என்று வாசல் கதவைத் திறந்து, டேபிள் ஃபேனை வாசலைப் பார்க்க வைத்து முழு வேகத்தில் போட்டேன். வெளியே போயிற்று. போய் நேராக எதிர் வீட்டுக்குள் நுழைந்தது. தையல்காரம்மாவும் காற்றுக்காகக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்காகப் பதினெட்டுக் கறுப்புக் கோட்டுத் தைத்து, தேய்த்து, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். மத்தியானம் ஆள் வந்து எடுத்துப் போக வேண்டியது. நான் எட்டிப் பார்த்தபோது பதினெட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

அந்த அம்மா கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஒரு பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, ஒன்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இருவரும் மாடிப்படியில் நின்று கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினோம். ஏழாவதோ எட்டாவதோ தட்டும்போது, "உங்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டா ஒரு நாள் வேலை ஐயா" என்றார். அவர் வரமாட்டார் அம்மா என்றேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, "எங்க வீட்டுக்கு வந்தாரே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறபோதெல்லாம் அவர்தான் கீழே டீ கொண்டுவந்து கொடுக்கிறாராம், நான்கு வருஷமாக. என் பால்கனிக்கு நேர் கீழே நடப்பது, நான் பேப்பரைத் தாண்டிப் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டு மூலையில் தண்ணீர் இறங்கிப் பலகை ஊறிப்போனபோது, டீ குடித்த பாவத்துக்கு என்று சொல்லி நீங்கள் மூன்று நாள் வந்து புதுப் பலகை வைத்து டேப் ஒட்டிப் பூசிக் கொடுத்தீர்களாம். ஒரு பைசா வாங்கவில்லையாம். அதாவது மூன்று நாள் என் வாசலுக்கு எட்டடி தூரத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த மூன்று நாளும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதியம் தூங்கவிடாமல் எதிர் வீட்டில் யாரோ தேய்க்கிறார்கள் என்று, நான் கதவைப் பாதி திறந்து, "யாருய்யா அது, மனுஷன் தூங்க வேண்டாமா, காட்டுமிராண்டி மாதிரி" என்று கத்திவிட்டு மூடிக்கொண்டேன். சத்தம் உடனே நின்றது. அதற்கப்புறம் மிச்ச நாளெல்லாம் ரெண்டிலிருந்து நாலு வரைக்கும் ஒரு சத்தமும் வரவில்லை. பரவாயில்லை, அதட்டினால் கேட்கிறார்கள் என்று உங்கள் அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தையல்காரம்மாவிடம் அந்த மூலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் மிஷினை நகர்த்திக் காட்டினார். நான் கண்ணால் தேடினேன், தெரியவில்லை. உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவினேன், பழைய பலகை எங்கே முடிகிறது, புதுசு எங்கே ஆரம்பிக்கிறது என்று கைக்கும் தெரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கூரை மூலையைத் தடவினேன், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. என் கை வெள்ளையாக இருந்ததால் அவர் சுவரில்தான் கோடு விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு இறங்கினேன். நான் முப்பத்திநாலு வருஷம் ஒட்டிய டேப்பெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு. நீங்கள் ஒட்டுவது யார் கண்ணுக்கும் தெரியாமல் இருப்பதற்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஓட்டை தேவைப்பட்டிருக்கிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. வேறு வார்த்தை போட்டு எழுதிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை.

ஆகவே, மேலே கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் போடவும். பேப்பரா, வலையா? பேப்பர் என்றால் ஓட்டைக்கும் அதுதானா, மூலைக்கும் அதுதானா என்று குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கார்டு கிடைத்தால் சனிக்கிழமை ஒட்டி, உங்கள் அத்தை வருவதற்குள் முடித்துவிடுவேன். நீங்கள் வரவேண்டாம் என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவளைக் கேட்டில் இறக்கிவிட்டால் போதும், பெட்டியை நான் கீழே வந்து எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை என் மகளிடம் தயவுசெய்து காட்ட வேண்டாம், படித்தால் வருத்தப்படுவாள்.

உங்களுக்கும் உங்கள் கைக்கும் நல்ல ஆயுசு கிடைக்க வேண்டும். என் மகளுக்கு என் அன்பு, பேரனுக்கு என் முத்தம், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். அவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, இதில் தேறினால் அதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
பார்சல் பிரிவு (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். கதவின் கைப்பிடி இடித்து ஓட்டை விழவில்லை. எங்கள் வாசல் கதவு அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது, புயலே அடித்தாலும் அதன் கைப்பிடி அங்கே எட்டாது. என் மகள் இதைப் படித்தால் அந்த இடத்திலேயே பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள், காட்ட வேண்டாம் என்றது அதற்காகத்தான். உங்களிடம் அந்தப் பொய்யைத் தைரியமாக எழுத முடிந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் கதவு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. நான்கு வருஷமாக என் மாப்பிள்ளைக்கு அதுகூடத் தெரியாதபடி நான் வைத்திருக்கிறேன் என்று, எழுதி முடித்து உறையை ஒட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நடந்தது இது. உங்கள் கல்யாணப் படம், பெரிய சட்டம் போட்டது, நீங்கள் அனுப்பி வைத்தது, அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். உங்கள் அத்தை ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் ஊரில் இல்லாதபோது அதை எடுத்துக் கூடத்தில் மாட்டிவிட்டால், அவள் வந்து பார்ப்பாள், நானும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். சட்டத்தின் கனத்துக்கு நீள ஆணியாக எடுத்து அடித்தேன். அடித்த இடத்தில் பலகைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. இரண்டு நிமிஷம் தொங்கியது, தள்ளி நின்று அழகு பார்த்தேன், பிறகு சுவரையும் பிய்த்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. கண்ணாடி மட்டும்தான் உடைந்தது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

டேப்பைப் பற்றிக் கார்டு எழுத வேண்டாம். பேப்பர் டேப்தான் என்று எனக்குத் தெரியும், ஓட்டைக்கு எப்படி, மூலைக்கு எப்படி என்பது உட்பட. நேற்றுத் தெருவில் அந்தப் பெயின்டர் எல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டார். புதுச் சுருளும் வாங்கி வைத்துவிட்டேன், நக்கவில்லை. ஆனால் ஒட்டப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு மேலே வாருங்கள் மாப்பிள்ளை. நான்தான் கூப்பிடுகிறேன்.